பேசித் தீர்ந்த வடவெல்லை

தமிழகத்தின் வடக்கு எல்லை யாது என்று வினவினால், நம்மவர் சற்றும் தயங்காது வேங்கடம் என்பர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் காலந்தொட்டு அம்மலையை எல்லையாகக் கொண்டு வளர்ந்த மரபு நம்முடையது. ஆனால் புலவர் வகுத்த எல்லை வேறு. கிராமக் கணக்கர் வகுத்த எல்லை வேறு. முன்னது நாவில் நிலைத்து நிற்பது. பின்னது நிலவரி இரசீதில் நிற்பது. நாவில் நின்ற எல்லைக்கும் இரசீதில் நின்ற எல்லைக்கும் இடையே ஏழாண்டுக் காலம் ஊசலாடிய ஊர்கள் பல, திருத்தணி வட்டாரத்தில் உண்டு. அவற்றுள் ஒன்று நம் முன்னோர் ஊர். ஆதலின் இக்கட்டுரையை ஒரு தகரப் பெட்டியிலிருந்து தொடங்குவதற்கு வாசகப் பெருமக்கள் இசைவளிக்க வேண்டுகிறோம்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நம் வீட்டுப் பரண்மீது அப்பெட்டி இருக்கிறது. பாட்டனாரின் நிலப் பத்திரங்களும் தந்தையாரின் சான்றிதழ்களும் அதனுள் உள்ளன. பள்ளிப்பட்டுக்கு அருகில் உள்ள நம் ஊர், தான் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகர்ந்ததில்லை. ஆயினும் பெட்டியில் உள்ள தாள்களைக் கால வரிசையில் அடுக்கினால் அவ்வூர் ஓயாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. முதல் தாளில் அது சென்னை மாகாணம், சித்தூர் மாவட்டம். அடுத்ததில் ஆந்திர மாநிலம். பிறகு ஆந்திரப் பிரதேசம். அதன் பின்னர்ச் சென்னை மாநிலம், செங்கற்பட்டு மாவட்டம். 1969க்குப் பின் தமிழ்நாடு. 1997க்குப் பின் திருவள்ளூர் மாவட்டம். வேலியோரத்து வேப்பமரம் மட்டும் இதையெல்லாம் அறியாமல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

நம் தந்தையார் பிறந்தது 1955இல். பிறப்புப் பதிவு ஆந்திர மாநிலத்துக்குரியது. பள்ளியிறுதிச் சான்றிதழோ தமிழ்நாட்டுக்குரியது. வேலை தேடிப் பெங்களூருக்கு வந்த அவர் இவ்விரண்டையும் ஓர் அலுவலகத்தில் நீட்டியபோது, "ஒரே ஊர் இரண்டு மாநிலத்தில் எப்படி ஐயா இருக்கும்? இதில் எது பொய்?" என்று கேட்டாராம் அங்கிருந்த எழுத்தர். தந்தையாரால் விடை சொல்ல இயலவில்லை. நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்திருக்கும் நாம், அந்த மறுமொழியைத் தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

பொதுவாகத் திருத்தணி மீட்பு என்றால் போராட்டம், மறியல், சிறை ஆகியவற்றோடு வரலாறு நிறைவு பெற்றுவிடுகிறது. அவை போற்றத்தக்கன என்பதில் ஐயமில்லை. எனினும் அது வரலாற்றின் முற்பாதியே. பிற்பாதி, இரண்டு அரசுகள் ஒரு மேசையின் முன் அமர்ந்து, ஊர் ஊராகக் கணக்கெடுத்து, கொடுத்தும் வாங்கியும் தீர்த்துக்கொண்ட கதை. அப்பிற்பாதியை எழுதுவோர் குறைவு. கோப்பு புரட்டும் தொழிலில் உள்ள நமக்கு அதன்மீது ஒரு தனிப் பற்று ஏற்பட்டதில் வியப்பில்லை.

சித்தூர் பிறந்த கதை

வழக்கின் வேர் 1953இல் இல்லை, 1911இல் இருக்கிறது. அதுவரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூர் இருந்துவந்தது. 1911 ஏப்ரல் முதல் நாள், வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமனேரி, சந்திரகிரி முதலிய வட்டங்களையும், புத்தூர், திருத்தணி, காளத்தி, புங்கனூர் ஆகிய சமீன் பகுதிகளையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களையும் எடுத்துச் சித்தூர் மாவட்டம் புதிதாக ஆக்கப்பட்டது. ஆங்கிலேயருக்கு அது நிருவாக வசதி. தமிழும் தெலுங்கும் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. இரண்டு மொழியாரும் சென்னை மாகாணம் என்ற ஒரே கூரையின்கீழ் இருந்தனர் அன்றோ!

திருத்தணிப் பகுதி கார்வேட்டிநகர் சமீனைச் சேர்ந்தது. அரண்மனையின் மொழி தெலுங்கு. குடிகளில் பெரும்பகுதியினர் மொழி தமிழ். மலைமேல் முருகன் அருணகிரிநாதரின் பாடல் பெற்றவன். முத்துசுவாமி தீட்சிதருக்கு இசைக் கதவு திறந்ததும் அம்மலையில்தான் என்பது மரபு. பக்கத்தில் திருவாலங்காடு, காரைக்காலம்மையார் பேயுருவில் இறைவன் அடிக்கீழ் இருந்து பாடிய இரத்தின சபை. இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடு வெளிப்பட்டதும் அவ்வூரிலேயே. இவையனைத்தும் தமிழின் கருவூலங்கள். ஆயினும் அக்கருவூலத்தின் அடிவாரத்தில் பள்ளிக்கூடங்கள் மெல்ல மெல்லத் தெலுங்கைச் சார்ந்து நகர்ந்தன. நம் பாட்டனார் தமிழில் பேசினார், தெலுங்கில் கையொப்பமிட்டார். பாட்டியார் நகரிப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டு மொழி தெலுங்கு. அவரை நாம் 'அவ்வா' என்றே அழைத்தோம். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று எவரேனும் அந்நாளில் கேட்டிருப்பின், நம் வீட்டு அடுக்களையின் நடுவே போகிறது என்று சொல்லியிருக்கலாம்.

இந்நிலையில் வடவெல்லைத் தமிழரிடையே விழிப்பை ஊட்டியவர் மங்கலங்கிழார். குருவராசப்பேட்டையில் இருந்துகொண்டு ஊர்தோறும் தமிழ் வகுப்பு நடத்தியவர். பொருள் கருதாது இலக்கணம் கற்பித்தவர். மேடை முழக்கத்துக்கு முன்னரே கரும்பலகையில் தொடங்கிய இயக்கம் இது என்பதை நாம் மறத்தல் ஆகாது. 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தோற்றுவித்த ம. பொ. சிவஞானத்தை வடவெல்லைக்கு அழைத்து வந்தவர்களில் அவர் முதன்மையானவர். திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் உள்ளூர்ப் படையின் தளபதியாக விளங்கினார்.

இரண்டு கனல்கள்

1952 அக்டோபர் 19ஆம் நாள், சென்னை மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பு தொடங்கினார். டிசம்பர் 15 இரவு அவர் உயிர் பிரிந்தது. ஆந்திர நாடெங்கும் கனல் மூண்டது. நான்கே நாளில், ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். 'மதராஸ் மனதே' என்று தெலுங்கர் முழங்கினர். 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி. முழங்கினார். நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவர் குழு, சென்னை நகரின்மீதுள்ள உரிமைக் கோரிக்கையை ஆந்திரர் கைவிட வேண்டுமென 1949இலேயே கூறியிருந்தும், பூசல் அடங்கவில்லை. புதிய மாநிலத்தின் அலுவலகங்கள் சிறிது காலமேனும் சென்னையில் இருக்கலாம் என்ற யோசனையை முதலமைச்சர் இராசாசி உறுதியாக எதிர்த்தார். ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று 1953 மார்ச்சில் நேரு அறிவித்த பின்னரே சென்னை நகரம் பெருமூச்சு விட்டது.

தலைநகர் பிழைத்தது; மாவட்டம் பிழைக்கவில்லை. சித்தூர் மாவட்டம் முழுமையாக ஆந்திரத்துக்கே போகும் என்பது உறுதியாயிற்று. மாவட்டத்தை அலகாகக் கொண்டு பிரித்தால் வேறு விளைவு எப்படி வரும்? 1953இன் நடுப்பகுதியில் திருத்தணியில் நேரடிப் போராட்டம் வெடித்தது. மறியல், கடையடைப்பு, கைதுகள் என நாட்கள் நகர்ந்தன. ம.பொ.சி. சிறைப்பட்டார், உயிர்ப்பலியும் நேர்ந்தது. எல்லையைக் குறித்து ஆராய ஏற்பாடு செய்யப்படும் என்ற உறுதி நடுவண் அரசிடமிருந்து பிறந்ததும் போராட்டம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மங்கலங்கிழார் மறைந்தார். தம் வாழ்நாளை எந்த மண்ணுக்காக ஈந்தாரோ அம்மண் தமிழகத்தோடு சேர்வதை அவர் காணவில்லை.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது; கர்நூல் தலைநகராயிற்று. நம் ஊர் அன்று காலையில் ஆந்திரத்தில் கண்விழித்தது. அவ்வாவுக்கு மகிழ்ச்சியா, பாட்டனாருக்கு வருத்தமா என்று நாம் சிறுவயதில் கேட்டதுண்டு. "எருமைக்குப் புல் அறுக்கப் போனேன், வேறென்ன?" என்பதே அவ்வா எப்போதும் தந்த விடை.

அளவுகோல் முதலில், அளத்தல் பின்னர்

பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1953 டிசம்பரில் அமைக்கப்பட்டு, 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. தெற்கே கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பரில் தமிழரோடு இணைந்தது இவ்வாணையத்தின் வழியாகத்தான்; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுபோனதும் அதன் வழியாகத்தான். ஆனால் வடவெல்லை வழக்கை அவ்வாணையம் தன் தலையில் ஏற்றுக்கொள்ளவில்லை. இரு மாநிலங்களும் தம்முள் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக அது நின்றது. அன்று இது பலருக்கு ஏமாற்றமாகத் தோன்றியிருக்கும். இன்று எண்ணிப் பார்க்கையில் அதுவே நன்மையாக முடிந்தது என்பது நம் கருத்து.

சென்னையில் காமராசர் முதலமைச்சர். ஆந்திரத்தில் முதலில் பெசவாடா கோபால ரெட்டி, 1956 நவம்பருக்குப் பின் நீலம் சஞ்சீவ ரெட்டி. இரு அரசுகளும் ஒரு நடுவரை ஏற்க இசைந்தன. அந்நடுவர் எச். வி. படாஸ்கர் என்னும் மராட்டியர். நடுவண் அமைச்சரவையில் சட்டத்துறையைக் கவனித்தவர். பின்னாளில் மத்தியப் பிரதேச ஆளுநராக இருந்தவர். தமிழும் அறியாதவர், தெலுங்கும் அறியாதவர் என்று அக்காலத்தில் குறைப்பட்டோர் இருந்திருக்கலாம். நடுவருக்கு அது குறையன்று.

இங்கேதான் வாசகர் சற்றே நின்று கவனிக்க வேண்டும். எந்த ஊர் யாருக்கு என்ற வழக்கைத் தொடங்குமுன், எதைக் கொண்டு அளப்பது என்பதில் ஒத்த கருத்து எட்டப்பட்டது. அளவுகோல் மூன்று கூறுகளைக் கொண்டது. பிரிப்பதற்குரிய அலகு கிராமம், வட்டமன்று, மாவட்டமன்று. ஒரு கிராமத்தில் எம்மொழியார் பெரும்பான்மையோ அதுவே அக்கிராமத்தின் மொழி. ஆனால் அக்கிராமம் தான் சேரவிருக்கும் மாநிலத்தோடு நிலத் தொடர்ச்சி உடையதாக இருத்தல் வேண்டும்.

கேட்பதற்கு எளியதாகத் தோன்றும் இதில் எத்துணை நுட்பம் இருக்கிறது என்பதைக் கணக்கு எழுதுவோர் அறிவர். வட்டத்தை அலகாகக் கொண்டால், தெற்குப் பாதி தமிழும் வடக்குப் பாதி தெலுங்கும் பேசும் ஒரு வட்டம் ஒட்டுமொத்தமாக ஏதேனும் ஒரு பக்கம் சாயும். மறுபாதியின் மனக்குறை தலைமுறைக்கும் நீடிக்கும். கிராமத்தை அலகாக்கினால் கோடு வளைந்து நெளிந்து போகும். படம் வரைவோர்க்கு வருத்தம், மக்களுக்கு நிம்மதி. தொடர்ச்சி என்னும் நிபந்தனை இல்லையேல் தெலுங்குக் கடலில் தமிழ்த் தீவுகளும் தமிழ்க் கடலில் தெலுங்குத் தீவுகளும் மிதக்கும். சாலை போடுவது யார், ஏரிக்கரையை உயர்த்துவது யார் என்ற வழக்குகள் பெருகும். ஆயின் அதே நிபந்தனைதான் பல தமிழ் ஊர்களை ஆந்திரத்திலும் பல தெலுங்கு ஊர்களைத் தமிழகத்திலும் நிறுத்திவைத்தது. எந்த அளவுகோலிலும் ஒரு பக்கம் கூர் உண்டு.

படாஸ்கரின் முடிவு 1957இல் வெளிவந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு. செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேட்டைச் சார்ந்த ஊர்களும், சேலம் மாவட்டத்தின் சில சிற்றூர்களும் ஆந்திரத்துக்கு. நாம் பெற்றது ஏறத்தாழ 400 சதுர மைல். கொடுத்தது 300க்குச் சற்று மேல். பெற்ற பகுதியில் மக்கள் நெருக்கம் மிகுதி. கொடுத்த பகுதியில் குறைவு. திருப்பதி, காளத்தி, சித்தூர் நகரம், புத்தூர், நகரி ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன.

வேங்கடம் வரை கேட்ட ம.பொ.சி.க்கு இது நிறைவளித்திருக்க இயலாது. சத்தியவேட்டை இழந்தவர்க்கும் நிறைவில்லை. திருத்தணியை இழந்த தெலுங்கர்க்கும் நிறைவில்லை. மூன்று தரப்பும் குறைப்பட்டுக்கொண்ட ஒரு தீர்ப்பை இரண்டு அரசுகளும் ஏற்றுக்கொண்டன என்பதே இதில் வியப்புக்குரியது. தெருவில் நின்று தலைநகரைக் காத்தவர்களின் துணிவுக்கு இத்துணிவு சற்றும் குறைந்ததன்று. சத்தியவேட்டை விட்டுத் தருகிறோம் என்று சென்னையில் சொல்வதும், திருத்தணியை விட்டுத் தருகிறோம் என்று ஐதராபாத்தில் சொல்வதும், வாக்குக் கேட்டு வாழும் அரசியலாருக்கு எளிய செயல்கள் அல்ல.

முடிவு வந்தும் மூன்றாண்டு பிடித்தது. நாடாளுமன்றம் 1959இல் ஆந்திரப் பிரதேச - சென்னை எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டின் 56ஆம் சட்டம் அது. அரசமைப்பின் 3ஆம் பிரிவின்படி இரு மாநிலச் சட்டமன்றங்களின் கருத்தும் கேட்கப்பட வேண்டும். 1960 ஏப்ரல் முதல் நாள் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. சித்தூர் மாவட்டம் பிறந்ததும் ஏப்ரல் முதல் நாள். அதன் ஒரு பகுதி பிரிந்ததும் ஏப்ரல் முதல் நாள். கணக்காண்டு தொடங்கும் நாளில்தான் அரசாங்கத்துக்கு நிலமும் நகரும் போலும்.

அச்சட்டத்தை நாம் முழுமையும் படித்தோம். கவிதை இன்பம் ஏதுமில்லை. சட்டமன்றத் தொகுதிகள் எவ்வாறு மாறும், எந்த உயர்நீதிமன்றத்துக்கு எந்த ஊர் உட்படும், சொத்தும் கடனும் எவ்வாறு பங்கிடப்படும், ஏற்கெனவே நடப்பிலிருந்த சட்டங்கள் மாற்றிய பகுதியில் எதுவரை செல்லும் என்று வரிவரியாக உரைக்கிறது. ஆனால் ஒரு குடியானவனுக்கு நாடு மாறுவது என்பது இவ்வரிகளில்தான் நடக்கிறது. நேற்று சித்தூருக்குப் போட்ட மனுவை இன்று எங்கே கேட்பது என்ற அவனது அச்சத்துக்கு முழக்கங்களில் விடை இல்லை; இங்கே இருக்கிறது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அந்நாளில் இந்தியக் குடியரசின் துணைத்தலைவர். அவரது பிறந்த ஊரும் அன்று மாநிலம் மாறிற்று. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அத்தத்துவ மேதையின் ஊர் தமிழகத்தைச் சேர்ந்ததில், மொழிக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு எவ்வளவு சிக்கலானது என்பது விளங்கும்.

வடக்கே மற்றோர் எல்லை

இதை நாம் எழுதுவது கருநாடகத்தில் அமர்ந்து. ஆதலின் இம்மாநிலத்தின் வடகோடியில் தீராமல் நிற்கும் பெலகாவி வழக்கோடு திருத்தணியை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. மகாஜன் ஆணையம் 1966இல் அமைந்து 1967இல் அறிக்கை அளித்தது. பெலகாவி நகரம் அன்றைய மைசூர் மாநிலத்திலேயே நிற்க வேண்டும். 264 ஊர்கள் மராட்டியத்துக்கும் 247 ஊர்கள் மைசூருக்கும் செல்ல வேண்டும் என்றது. மைசூர் ஏற்றது, மராட்டியம் மறுத்தது. மராட்டியம் 2004இல் உச்சநீதிமன்றத்தை நாடியது. 2012இல் பெலகாவியில் சுவர்ண விதான சௌதா திறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் நடுவண் உள்துறை அமைச்சர் இரு முதலமைச்சர்களையும் அழைத்துப் பேசி, பக்கத்துக்கு மூன்று அமைச்சர்கள் கொண்ட குழுவுக்கு வழிசெய்தார்.

திருத்தணி தீர்ந்ததற்குக் காரணம் இரு மாநிலங்களிலும் ஒரே கட்சி ஆட்சி செய்ததுதான் என்று சிலர் கூறுவர். அது ஓரளவு உண்மையே. ஆனால் 1967இல் மும்பையிலும் பெங்களூரிலும் அதே காங்கிரசு ஆட்சிதான் நடந்தது. வசந்தராவ் நாயக்கும் நிஜலிங்கப்பாவும் ஒரே கட்சியினர். ஆயினும் தீரவில்லை. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. பெலகாவியில் எதைக் கொண்டு அளப்பது என்பதில் இரு மாநிலங்களும் முன்கூட்டி ஒத்துப்போகவில்லை. அளந்து முடித்த பிறகு அளவுகோலைப் பற்றி வழக்காடினர், இன்றும் வழக்காடுகின்றனர். மராட்டியர் எடுத்துக்காட்டும் அளவுகோல் எது தெரியுமா? கிராமமே அலகு என்னும் அதே படாஸ்கர் முறை. திருத்தணிக்காகத் தைத்த சட்டை மராட்டியத்தின் கனவில் இன்றும் வருகிறது!

நம்மவர் பக்கத்தையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலம் 1956இல் மைசூரோடு சேர்ந்தது. அதை இழப்பாகப் பேசுவோர் ஸ்ரீராம்புரத்தில் இன்றும் உண்டு. அங்கே கன்னடம் பேசுவோர் பெரும்பான்மையினர். திருத்தணிக்கு ஒரு நீதி, கொள்ளேகாலத்துக்கு மற்றொரு நீதி என்று நாம் கேட்பது முறையாகாது.

ஸ்ரீராம்புரத்தின் நிலையோ இவ்விரண்டிலும் சேராதது. ஆலைத் தொழிலுக்கும் கட்டட வேலைக்கும் வந்து குடியேறிய தமிழர் இங்கே தெருத்தெருவாக வாழ்கின்றனர். எந்தக் கிராமத்தை அலகாகக் கொண்டாலும், எந்தத் தொடர்ச்சியைக் கணக்கிட்டாலும் எங்களை எந்தக் கோட்டுக்கும் உள்ளே கொண்டுவர இயலாது. நாங்கள் அதை வேண்டவும் இல்லை. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்நகரில் கலவரம் மூண்டபோது நாம் சிறுவர். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, அவ்வா எங்களைத் தெலுங்கில் மட்டும் பேசச் சொன்னார். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் இரவு முழுவதும் எங்கள் வாயிற்படியில் அமர்ந்திருந்தார். அதே 1991இல் அல்சூர் ஏரிக்கரையில் நிறுத்தப்பட்டுத் துணி போர்த்தியிருந்த திருவள்ளுவர், 2009 ஆகஸ்டு 9ஆம் நாள்தான் உலகைக் கண்டார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஒன்றைப் பெறுவதற்கு ஒன்றைத் தருதல் என்ற பழைய திருத்தணிக் கணக்கு சிலைகளுக்கும் பொருந்திற்று.

கோட்டைக் கடக்கும் நீர்

எல்லை தீர்ந்ததனால் என்ன விளைந்தது என்பதற்கு ஒரு சான்று மட்டும் காட்டுவோம். சென்னைக்குக் கிருஷ்ணை நீர் தர மராட்டியம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க 1976இல் ஒப்பின. 1983இல் என்.டி. இராமராவும் எம்.ஜி. இராமச்சந்திரனும் ஆட்சியிலிருக்கையில் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு உடன்பாடு உண்டாயிற்று. 1996இல் கண்டலேறு நீர் பூண்டிக்கு வந்தது. அக்கால்வாய் வரும் வழி எது? நாம் 1960இல் கொடுத்த சத்தியவேட்டுப் பகுதியின் ஊடாக வந்து, ஊத்துக்கோட்டை அருகே தமிழகத்துள் நுழைகிறது. அவ்விடத்தை இன்று எல்லாரும் 'ஜீரோ பாயிண்ட்' என்கின்றனர். அந்நிலத்தின் உரிமை இன்னமும் நீதிமன்றத்தில் கிடந்திருக்குமாயின், எந்தப் பொறியாளர் அதன்மேல் மண்வெட்டியை வைத்திருப்பார்?

நீர் எப்போதும் உரிய அளவில் வந்தது என்று நாம் கூறவில்லை. பல ஆண்டுகளில் வரவில்லை. ஆனால் அது நீர்ப் பூசல், நிலப் பூசலன்று.

பெங்களூரிலிருந்து சென்னைக்குப் புகைவண்டியில் செல்வோர் பங்காருப்பேட்டையைத் தாண்டியதும் குப்பம் நிலையத்தைக் காண்பர். கருநாடகத்திலிருந்து தமிழகம் புகுமுன் சிறிது தொலைவு ஆந்திரத்தில் ஓடும் வண்டி அது. பலர் அதை அறியாமல் உறங்குவர். அக்குப்பத்தில், மூன்று மாநிலங்கள் கூடும் மூலையில், 1997இல் ஆந்திர அரசு அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே வளாகத்தில் பயிலப்படுகின்றன. அதற்கும் பழைய சித்தூர் மாவட்ட மண்ணே இடம் தந்தது.

ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்கு ஸ்ரீராம்புரத்திலிருந்து காவடி எடுத்துத் திருத்தணிக்குச் செல்லும் குடும்பங்களுள் நம் குடும்பமும் ஒன்று. அரக்கோணத்தில் இறங்கி வண்டி மாறுவோம். நகரியிலிருந்து அவ்வா வழி உறவினரும் மலையடிவாரத்துக்கு வந்து சேர்வர். ஒரு முறை தேநீர்க் கடையில் முதியவர் ஒருவர் நம் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு நிலம் இந்தப் பக்கம், தம்பி, பெண் கொடுத்தது அந்தப் பக்கம். ரேஷன் கார்டுதான் ரெண்டு, பந்தி ஒண்ணு" என்றார்.

சட்டத்தின் படி ஒன்றை எடுத்து நாம் தந்தையாரின் சான்றிதழ்களோடு அத்தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஓய்வூதியத்துக்கான தாள்களில் மீண்டும் அதே கேள்வி எழுந்தபோது, 56ஆம் சட்டத்தின் பக்கத்தை இணைத்து அனுப்பினோம். மறு வினா வரவில்லை. அதன் பின், திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே முதுமை எய்திய சிலர் நம் வீட்டுக்கு வந்து அதன் நகலைக் கேட்டு வாங்கிச் செல்கின்றனர். சென்ற மாதம் சத்தியவேட்டுக்காரர் ஒருவரும் வந்தார். அவருக்கு வழக்கு தலைகீழ், பிறந்தது சென்னை மாநிலம், படித்தது ஆந்திரம். அதே பக்கத்தைத்தான் அவருக்கும் எடுத்துக் கொடுத்தோம்.